மஞ்சள் அட்டையும் கறுப்புக் கையுறையும்

“அண்ணா, செத்துப்போன அந்த ஆறு பெண்களில் ஒருத்தியின் பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?”

சென்ற மாதம் விடுதிப் பொது அறையில் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நம் சங்கத்து இளைய தோழி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் திருதிருவென்று விழித்தேன். பழம்பொருட் கடைக்குள் பச்சையும் ஊதாவுமாக ஒளி மாறி மாறி அடித்தது நினைவிருந்தது. தையற்கூடத்துச் சிவப்புப் பொம்மை நினைவிருந்தது. கொலையாளியின் கண், மூக்கு, வாய் எதுவும் தெரியாத வெள்ளை முகமூடியும் நினைவிருந்தது. பெயர்தான் ஒன்றுகூட நினைவில் இல்லை.

படம் மாரியோ பாவா 1964-ல் எடுத்த ‘பிளட் அண்ட் பிளாக் லேஸ்’. இத்தாலிய மொழியில் அதன் பெயர் இன்னும் வெளிப்படையானது: ‘கொலையாளிக்கு ஆறு பெண்கள்’. கொலை ஒன்று நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கேட்டது. விசிலடித்த நண்பர் யாரென்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டவன் நான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டவனும் நானே.

இப்படங்களை ‘ஜாலோ’ என்பார்கள். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்கு மஞ்சள் என்று பொருள். மிலான் நகரத்து மொந்ததோரி பதிப்பகம் 1929-ல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிடத் தொடங்கியது. நாளடைவில் அட்டையின் நிறமே அக்கதைகளுக்குப் பெயராயிற்று. நம்மவர் ‘மஞ்சள் பத்திரிகை’ என்று சொல்வதற்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் 1970-க்குப் பின் இத்தாலியில் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்த இப்படங்களில் பலவற்றுக்கு நம்மவர் பொருளும் பழுதின்றிப் பொருந்தும் என்பதை நான் மறைக்கவில்லை.

பின் ஏன் பார்க்கிறேன்?

முதலில், கண்ணுக்காக. பாவா இயக்குநராவதற்கு முன் ஒளிப்பதிவாளராக இருந்தவர். கையில் பணம் குறைவு. விளக்கும் வண்ணத்தாளும் உண்டு. அவற்றைக் கொண்டே ஓர் அறையை அச்சமாக மாற்றிக் காட்டினார். அந்தப் பழம்பொருட் கடையில் ஏன் பச்சை ஒளி என்று கேட்டால் கதையில் தக்க விடை கிடையாது. வெளியே ஏதோ விளம்பர விளக்கு மின்னுகிறது என்று நாமே சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஆயினும் அந்த ஒளி இல்லையேல் அந்த அச்சமும் இல்லை. இசையும் அப்படியே. எனியோ மோரிக்கோனே இத்தகைய படங்களுக்குத் தாலாட்டுப்போல ஒரு பெண்குரலை முனகவிட்டு, அதன் அடியில் முள்ளைப் பரப்பி வைத்தார். இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. டாரியோ அர்ஜெந்தோ பத்திரிகையில் திரைவிமரிசனம் எழுதிவந்தவர். 1970-ல் அவர் எடுத்த முதற்படம் ‘பளிங்குச் சிறகுப் பறவை’. ரோம் நகரில் இரவில் நடந்துபோகும் ஓர் அமெரிக்க எழுத்தாளன், ஓவியக்கூடம் ஒன்றின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு பெண்ணும் கறுப்புடை உருவமும் கத்தியோடு போராடுவதைக் காண்கிறான். உதவ ஓடுகிறான், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கிறான். எல்லாம் தெரிகிறது, எதையும் செய்ய முடியவில்லை. பிறகு படம் முழுவதும் அவனை ஒரே எண்ணம் அரிக்கிறது: ‘நான் கண்டதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லையே, அது என்ன?’

அவருடைய 1975-ஆம் ஆண்டுப் படமான ‘டீப் ரெட்’ இதையே இன்னும் துணிவாகச் செய்கிறது. கொலை நடந்த வீட்டுக்குள் ஓடும் பியானோக் கலைஞன், சுவர் நிறைய ஓவியங்கள் மாட்டிய நடையைக் கடந்து செல்கிறான். பிறகு வந்து பார்த்தால் அங்கிருந்த ஓர் ஓவியத்தைக் காணவில்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. உண்மை என்னவென்று நான் சொல்லிவிடப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். விடை படத்தின் தொடக்கத்திலேயே திரையில் இருக்கிறது. அவனைப் போலவே நாமும் அதைக் கண்டோம், உணரவில்லை. மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ‘என் கண்ணால் கண்டேன்’ என்று அடித்துப் பேசுகிறோமே, அந்தப் பேச்சையே இது ஆட்டம் காணவைக்கிறது. துப்பறியும் கதை என்ற எளிய பெட்டிக்குள் இத்தகைய சிந்தனை ஒளிந்திருப்பதுதான் என்னை இழுக்கிறது.

இனி, குறைகள். அவற்றுக்கா பஞ்சம்? கதை ஓட்டைச் சல்லடை. போலீசார் வருவார்கள், சிகரெட் பிடிப்பார்கள், போவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே கம்பெனியின் விஸ்கிப் புட்டி மேசைமேல் நிற்கும். நடிகர்கள் நாலு நாட்டவர். குரலெல்லாம் பின்னால் சேர்த்தவை. ஆகவே உதடு ஒருபுறம், சொல் ஒருபுறம். ஒரு படம் ஓடிவிட்டால் போதும், அடுத்து வருவதற்கெல்லாம் பூனை, ஈ, பல்லி என்று பெயரில் ஒரு பிராணி வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசிப் பத்து நிமிடத்தில் கொலையாளிக்கு இளமையில் நேர்ந்த ஏதோ ஓர் அதிர்ச்சியைக் கூறி, ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்திக் கதையை முடித்துவிடுவார்கள். மனநோயாளர்க்கு இப்படங்கள் செய்த அநீதி சிறிதன்று. இவற்றில் முன்பாதியைச் சிரித்துக்கொண்டே மன்னிப்பேன், கடைசியை மன்னிப்பதற்கில்லை.

ஆனால் தோழியின் கேள்வி இவற்றைப் பற்றியதன்று. ஒரு பெண் சாகிறாள். அவள் யார், எதை விரும்பினாள், அவள் இல்லாமையால் யார் அழுதார்கள் என்று படம் கேட்பதில்லை. அவள் உடை என்ன நிறம், எப்படிக் கிழிந்தது என்பதையே காமிரா கேட்கிறது. சாவை அழகாக்கியதோடு நிறுத்தாமல், அழகையே சாவுக்காகத் தயார் செய்து வைக்கிறது. ‘ஆண்களுந்தான் சாகிறார்கள்’ என்று விடுதியில் ஒரு நண்பர் வாதாடினார். உண்மை. ஆனால் ஆண் பெரும்பாலும் சட்டென்று செத்து விழுகிறான். பெண்ணை நெடுநேரம் துரத்தி, கதவு கதவாகத் தட்டவைத்து, பிறகு கொல்கிறார்கள். காமிராவுக்கு அவசரமே இல்லை.

அர்ஜெந்தோவுக்கு இது தெரியாமலில்லை. 1982-ல் எடுத்த ‘டெனிப்ரே’ படத்தில், கொலைக்கதை எழுதும் ஆசிரியனைப் பார்த்து ஒரு பெண் நிருபர் கேட்கிறாள்: பெண்களை இப்படி இழிவுபடுத்தி ஏன் எழுதுகிறீர்கள் என்று. அடடா, மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவளையும் கொன்றுவிட்டார்கள். அந்தக் கொலைக்கு முன் காமிரா வீட்டுச் சுவர்மேல் ஏறிக் கூரையைத் தாண்டி இறங்கும் நீண்ட காட்சி உலகப் புகழ் பெற்றது. நானும் வியந்து வாய்பிளந்தவன்தான். கேள்வி அதோடு போயிற்று.

அப்படியானால் இவற்றையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடலாமா? போட்டிருப்பேன், லூச்சியோ ஃபுல்ச்சி 1972-ல் எடுத்த ‘டோன்ட் டார்ச்சர் எ டக்ளிங்’ குறுக்கே வராதிருந்தால். தென்னித்தாலியில் ஒரு மலைக் கிராமம். சிறுவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். சூனியக்காரி என்று ஊரார் ஒதுக்கிய ஒரு பெண்ணைப் போலீசார் பிடிக்கிறார்கள். குற்றமற்றவள் என்று கண்டு விட்டுவிடுகிறார்கள். ஊர் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சில ஆண்கள் அவளைச் சங்கிலியால் அடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வானொலி காதற்பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. அவள் குருதி வழியத் தவழ்ந்து தவழ்ந்து மேலேறி நெடுஞ்சாலைக்கு வருகிறாள். விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்களின் கார்கள் அவளைத் தாண்டிப் போகின்றன. ஒன்றும் நிற்கவில்லை.

அங்கே பச்சை விளக்கு இல்லை, பட்டுடையும் இல்லை. பட்டப்பகல். அடி விழும்போது வலிக்கிறது. நிறத்தைப் பார்த்து மயங்க இடமில்லாமல், அடித்தவர்களையும் காரில் போகிறவர்களையும் பார்க்கும்படி நம்மைத் திருப்பிவிடுகிறார் ஃபுல்ச்சி. இதே மனிதர் வேறு படங்களில் செய்த கூத்துகளை நானறிவேன். கழிவுச் சரக்கென்று பெயர் வாங்கிய அதே கூட்டத்தில், அதே இரத்தச் சாயத்தைக் கொண்டு, ஒரு சாவுக்கு உரிய பாரத்தைக் கொடுக்கவும் முடிந்திருக்கிறது. முடியும் என்று தெரிந்த பிறகு மற்றவர்கள் செய்யாமல் விட்டதற்குச் சாக்கு இல்லை. பாவாவின் ஒளியை இன்னும் நேசிக்கிறேன். அந்த ஒளியில் எதை நான் பார்க்கத் தவறினேன் என்பதும் இப்போது தெரிகிறது.

மறுநாள் படத்தை மீண்டும் ஓட்டி, பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்: இசபெல்லா, நிக்கோல், பெக்கி... முழுப் பட்டியலையும் தோழியிடம் காட்டினேன். “இப்போதாவது எழுதினீர்களே” என்றார். வரும் சனிக்கிழமை ஃபுல்ச்சியின் படத்தைப் போடுவதாக ஏற்பாடு. விசிலடித்த நண்பரையும் அழைத்திருக்கிறேன். முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.