ஸ்கூட் விடத் தெரியாதவன்

அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். "மாமா, போக்கர் ஆடினா யோசிக்கிற திறமை வளருமாம். நிஜமா?" என்றான். சமையலறையிலிருந்து அக்கா என்னை முறைத்தாள்.

விஷயம் இல்லாமல் இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் உதார் விடுவதற்கும் கணக்கு உண்டு என்று வான் நாய்மன் என்ற கணித மேதை, மார்கன்ஸ்டர்னுடன் 1944ல் எழுதிய புத்தகத்தில் காட்டியிருக்கிறார்.

ஹோல்டெம் ஆட்டத்தில் உங்கள் கையில் இரண்டு சீட்டு, மேஜையில் நான்கு. ஆறில் நாலு ஹார்ட்டின். கடைசிச் சீட்டும் ஹார்ட்டின் வந்தால் ஜெயம் என்று வையுங்கள். பார்க்காத சீட்டு 46, அதில் ஹார்ட்டின் 9. கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒரு தடவை வரும். நடுவில் நூறு ரூபாய் கிடக்கிறது. தொடரப் பத்து ரூபாய் கேட்டால் போடலாம். ஐம்பது கேட்டால் மரியாதையாகக் கவிழ்த்துவிட வேண்டும். 'வரும்னு மனசு சொல்லுது' என்பதெல்லாம் செல்லாது.

எனக்கு இதையே திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரம்மி கற்றுக்கொடுத்தது. ஸ்கூட் 20, மிடில் ஸ்கூட் 40, புல் 80. சீட்டு மோசமென்றால் இருபதோடு தப்பித்துக்கொள். ஒவ்வொரு கையிலும் கரெக்டாக ஸ்கூட் விடுவேன். ஆட்டத்தை விட்டு ஸ்கூட் விடத்தான் தெரியவில்லை. ஒரு சம்பள நாள் ராத்திரி, விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தேன். விடியும்போது மெஸ் பணமும் போயிருந்தது. ஊருக்கு மணியார்டர் போகவில்லை. அப்பா திட்டவில்லை. 'பட்டணத்தில் செலவு ஜாஸ்தியோ?' என்று ஒரு கார்டு போட்டார். அவ்வளவுதான். இன்றைக்கும் உறுத்துகிறது.

"கணக்கு கத்துக்கலாம்டா. எப்ப எழுந்திருக்கணும்ங்கறதைச் சீட்டு சொல்லித் தராது" என்றேன்.

"அப்ப காசு வைக்காம ஆடலாமே?"

"காசு இல்லேன்னா எவனும் ஒழுங்கா யோசிக்க மாட்டான். அதான் சிக்கல்."

பையன் விடவில்லை. அக்காவிடம் புளியங்கொட்டை வாங்கி வந்து ஆளுக்கு ஐம்பது பிரித்தான். பத்தரை மணிக்கு என்னிடம் நாலு கொட்டை மிச்சம்.

"தூங்கலாம் மாமா."

"இருடா, கடைசியா ஒரே ஒரு ஆட்டம்" என்றேன்.

அக்கா ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்தாள்.