வீடு பக்கமா? வேலை பக்கமா?

சென்னைக்குத் தினமும் ரெயில் ஏறுவோர் போட வேண்டிய கணக்கு

சொந்த ஊரில் வீடு. சென்னையில் வேலை. நடுவே 80 கிலோ மீட்டருக்கு மேல் ரெயில் பாதை.

தினமும் போய் வருவதா? அல்லது அம்பத்தூர், ஆவடி என்று பட்டணத்துப் பக்கம் குடியேறிவிடுவதா?

திருத்தணியிலும், அதை அடுத்துள்ள கே.ஜி. கண்டிகை போன்ற ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. கணவன் ஒன்று சொல்கிறான். மனைவி வேறொன்று சொல்கிறாள். "பிறந்த ஊரை விட்டுப் போவதா?" என்று பாட்டி கேட்கிறாள். முடிவு மட்டும் ஏற்படுவதில்லை!

காரணம் என்ன? வீட்டு வாடகையை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். நேரத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை.

பழைய பாதை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில், 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. அது அரக்கோணம் வழியாகச் சென்ற பாதை.

திருத்தணி சென்னையோடு சேர்ந்ததும் எளிதாக நடந்துவிடவில்லை. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது திருத்தணி ஆந்திராவின் பக்கம் போய்விட்டது. ம.பொ.சிவஞானம் முன்னின்று எல்லைப் போராட்டம் நடத்தினார். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி, அப்போதைய சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது.

எல்லைக் கோடு மாறியது. ஆனால் தூரம் மாறவில்லை! சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் 69 கிலோ மீட்டர். அங்கிருந்து திருத்தணி சுமார் 13 கிலோ மீட்டர்.

திருத்தணியில் இருந்து நேராகச் சென்னைக்குப் புறப்படும் மின்சார ரெயில்கள் சிலவே. அதைத் தவறவிட்டால், அரக்கோணம் சென்று வேறு வண்டி பிடிக்க வேண்டும். கே.ஜி. கண்டிகையில் இருப்பவர் திருத்தணி ரெயில் நிலையத்துக்கு வருவதற்கே முதலில் ஒரு பஸ்சோ, மோட்டார் சைக்கிளோ தேவை.

75 நாள் எங்கே போயிற்று?

ஒருவருக்குக் காலை 9 மணிக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்து 6 மணிக்குள் கிளம்ப வேண்டும். மாலை 6 மணிக்கு வேலை முடிந்தால், வீடு வந்து சேர இரவு 9 மணி. போக 3 மணி, வர 3 மணி. ஆக, தினமும் 6 மணி நேரம்.

மாதம் 25 நாள் வேலை என்றால், 150 மணி நேரம். ஆண்டுக்கு 1,800 மணி நேரம். அதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். 75 நாள் வருகிறது!

இரவும் பகலுமாக 75 முழு நாட்கள், ரெயிலிலும் பஸ்சிலும் நடைமேடையிலும் கழிகின்றன.

அம்பத்தூரில் குடியிருந்தால்? போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆண்டுக்கு 25 நாள். மிச்சம் 50 நாள்.

ரூபாய்க் கணக்கு

"நேரம் போனால் போகட்டும், பணம் மிச்சமாகிறதே!" என்பார்கள். அதையும் பார்ப்போம்.

ஒரு பேச்சுக்கு, சம்பளம் மாதம் 20 ஆயிரம் ரூபாய். 25 நாள், நாளுக்கு 8 மணி வேலை. அதாவது 200 மணி நேரம். ஒரு மணிக்கு 100 ரூபாய்.

ஊரில் சொந்த வீடு இருக்கிறது. பட்டணத்துக்குப் போனால் வாடகை 8 ஆயிரம், தண்ணீர், பால், காய்கறி என்று கூடுதல் செலவு 2 ஆயிரம். ஊரிலேயே இருந்தால் 10 ஆயிரம் மிச்சம். சீசன் டிக்கெட்டில் உள்ள வித்தியாசம் பெரிது அல்ல. அந்த 10 ஆயிரத்துக்காக மாதம் 100 மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்கிறார். அதாவது மணிக்கு 100 ரூபாய். சம்பளமும் அதேதான். சரிக்குச் சரி!

ஊரிலும் வாடகை வீடுதான், வாடகை 4 ஆயிரம் என்றால்? மிச்சம் 6 ஆயிரம்தான். மணிக்கு 60 ரூபாய். வேலையில் 100 ரூபாய் பெறும் தன் நேரத்தை, ரெயிலில் 60 ரூபாய்க்கு விற்கிறார்! இது நஷ்ட வியாபாரம்.

சொந்த வீடு உள்ளவருக்கு ஒரு நியாயம், வாடகைக்கு இருப்பவருக்கு வேறு நியாயம். அவரவர் சம்பளத்தையும் வாடகையையும் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும்.

உழைப்பவள் யார்?

கணக்கில் வராத ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். கணவன் 6 மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால், மனைவி 4½ மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இரவு 9 மணிக்கு அவன் வந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி அவள் படுக்க 10½ மணி ஆகிறது. ரெயில் ஏறுவது ஒருவர். களைத்துப்போவது இருவர்!

வேலைக்குப் போகிறவள் பெண்ணாக இருந்தால், சொல்லவே வேண்டாம். சமையலும் அவளே, ரெயிலும் அவளே.

பிள்ளைகள்? அப்பா புறப்படும்போது தூங்குகிறார்கள். அப்பா திரும்பும்போதும் தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவைப் பார்க்கிறார்கள். அன்றும் அவர் அசதியில் படுத்துவிடுகிறார்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. புரூனோ பிரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், ஜெர்மனி நாட்டு மக்களிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்தார்கள். 2008-ம் ஆண்டு அது வெளியாயிற்று. நெடுந்தூரம் போய் வருகிறவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி குறைவாக இருப்பதைக் கண்டார்கள். கூடுதல் சம்பளமோ, வசதியான வீடோ அந்தக் குறையை முழுதும் ஈடு செய்யவில்லையாம்.

பட்டணத்து வீடு சொர்க்கமா?

அதற்காக, எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணம் போய்விடலாமா? அவசரப்பட வேண்டாம்.

2015-ம் ஆண்டு டிசம்பரில் பெய்த மழையில், ஆசையாகப் பணம் போட்டு வாங்கிய எத்தனையோ புறநகர் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரெயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இதே பாதையில், மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகும் அதே பாதையில், தண்ணீரும் ரெயில் ஏறிச் சென்றது!

முன்பணம் இன்னொரு தொல்லை. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். 2019-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீடு தேடுவோர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஊரில் என்றால் திண்ணை உண்டு. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கலாம். வயதானவர்களுக்குப் பேச்சுத் துணை இருக்கிறது. மாடியில் இரண்டு அறைக்குள் மாமியாரை உட்கார வைத்தால், அவர் பொழுது எப்படிப் போகும்?

எது சரி?

இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. முடிவு என்ன?

சொந்த வீடும், கொஞ்சம் நிலமும், வயதான பெற்றோரும் ஊரில் இருந்தால், ஊரை விட வேண்டாம். ஆனால் தினசரி 6 மணி நேரப் பயணத்தை வாழ்நாள் வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று கெடு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் ஊர்ப் பக்கம் வேலை தேட வேண்டும். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தொழிலாளர்களுக்காகக் கம்பெனி பஸ் விடும் இடங்களும் உண்டு.

திருமணம் ஆகாத இளைஞர் என்றால், திங்கட்கிழமை போய் சனிக்கிழமை திரும்பலாம். நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் செலவும் குறையும்.

ஊரிலும் வாடகை வீடுதான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது என்றால், இடம் மாறுவதே நல்லது. அதற்காக அம்பத்தூருக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. திருவள்ளூர், சென்ட்ரலில் இருந்து சுமார் 42 கிலோ மீட்டர். பாதி வழி! ரெயில்களும் அதிகம். வாடகை பட்டணத்து அளவு இல்லை. நினைத்தால் ஊருக்கும் போய் வரலாம். பாதி வழி வாழ்க்கை பலருக்குப் பொருந்தும்.

"ரெயில் நிலையம் பக்கம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப்போய்க் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். திங்கட்கிழமை முதல் ஒரு வாரம், வேலைக்குப் போகும் நேரத்தில், அங்கிருந்து ரெயிலில் போய் வந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு போன கால் வலி உண்மையைச் சொல்லிவிடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

இந்தச் சுமை முழுவதையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. இங்கிலாந்தில் 1883-ம் ஆண்டிலேயே, தொழிலாளர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் ரெயில் விடச் சட்டம் செய்தார்கள். நமக்குச் சீசன் டிக்கெட் மலிவாகத்தான் கிடைக்கிறது. கிடைக்காதது, உட்கார இடமும் நேரத்துக்கு வண்டியும்!

2022-ம் ஆண்டு சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோ மீட்டரில் இருந்து 5,904 ஆக விரித்தார்கள். எல்லையை விரித்தால் போதாது. அந்த அளவுக்கு ரெயிலையும் விட வேண்டும். காலையிலும் மாலையிலும் திருத்தணிக்கு நேர் வண்டிகள் அதிகம் வேண்டும். அவற்றில் சில, சிறு நிலையங்களில் நிற்காமல் விரைவாகச் செல்ல வேண்டும். ரெயிலுக்கு ஏற்றபடி கே.ஜி. கண்டிகைப் பக்கம் பஸ் வர வேண்டும். அரை மணி நேரம் குறைந்தாலும், போக வர ஒரு மணி. ஆண்டுக்கு 300 மணி நேரம் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைக்கும்.

அதுவரை அவரவர் கணக்கை அவரவர்தான் போட வேண்டும். சம்பாதிப்பவர் மட்டும் முடிவு செய்யாமல், அடுப்பு மூட்டுகிறவளையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு போட வேண்டும். அவள் சொல்லும் கணக்கு, பெரும்பாலும் சரியாகவே இருக்கும்!