கூட்டுச் சிகிச்சையில் கூலியற்ற கரங்கள்

யோகாவையும் மூலிகையையும் சேர்த்து, 'ஒருங்கிணைந்த புற்றுநோய்ச் சிகிச்சை' என்று பேக்கேஜ் விலையில் விற்கின்றன கார்ப்பரேட் மருத்துவமனைகள். பணம் தீர்ந்தால் அந்த ஒருங்கிணைப்பும் தீர்ந்துவிடும்.

கேரளத்தின் வழி வேறு. திருவனந்தபுரத்தில் 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம் உருவானது. 2008இல், நாட்டிலேயே முதன்முதலாக, வலி தணிப்புச் சிகிச்சைக்கெனக் கேரள அரசு கொள்கை வகுத்தது. இனி மருந்தில்லை என்று வீடு திரும்பிய நோயாளியைத் தேடி உள்ளாட்சியின் செவிலியர் செல்கிறார். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். எந்த வீட்டில் யார் வலியில் துடிக்கிறார் என்பதை அறிந்து அவருடன் செல்பவர் ஆஷா ஊழியர்.

அந்தக் குழுவில் அவருக்கு மட்டும் பெயர் 'தன்னார்வலர்'! திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்கவேண்டும், குறைந்தபட்ச ஊதியம் வழங்கவேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இலேயே பரிந்துரைத்தது. மன்மோகன் அரசும் செய்யவில்லை. மோடி அரசும் செய்யவில்லை.

7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரி, 2025 பிப்ரவரி 10 முதல் ஆஷா ஊழியர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். முதல் குற்றவாளி ஒன்றிய அரசு என்பதில் ஐயமில்லை. ஆனால், டெல்லியைச் சுட்டும் விரல் அவர்களது பசிக்கு விடையாகாது. உள்ளே ஆட்சியில் இருந்தது இடதுசாரி அரசு.