ஏழரை நல்லது!

டைனமைட் தயாரித்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர் ஆல்ஃபிரட் நோபல். அதில் உள்ள சரக்கு நைட்ரோகிளிசரின். 1896-ல் நெஞ்சுவலி என்று டாக்டரிடம் போனார். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமோ? அதே நைட்ரோகிளிசரின்! வெடித்தால் பாறை பிளக்கும். துளியூண்டு சாப்பிட்டால் ரத்தக் குழாய் விரியும். ஏன் விரிகிறது என்பது பல வருஷங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

விடை நம் உடம்பிலேயே இருந்தது. ரத்தக் குழாய் என்பது வெறும் ரப்பர் டியூப் இல்லை, ஸார். உள்சுவரில் ஒரே அடுக்குச் செல்களால் ஆன பூச்சு உண்டு. பெயர் எண்டோதீலியம். ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் இந்தப் பூச்சுக்குத் தெரிந்துவிடும். உடனே நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கொஞ்சம் வெளியிடும். 'வழி விடுங்கப்பா' என்று அது சொன்னதும் சுற்றியிருக்கிற தசை தளரும், குழாய் விரியும். நைட்ரோகிளிசரினும் உள்ளே போய் இந்த வாயுவைத்தான் தருகிறது. இந்த விஷயத்தைத் துலக்கிய ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் பரிசு கிடைத்தது. யார் பெயரில் உள்ள பரிசு? நோபல்!

சரி, பூச்சு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1992-ல் லண்டனில் செலர்மேயர் என்ற டாக்டரும் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. இன்று செய்கிற முறைப்படி, காபி, சிகரெட் எதுவும் தொடாமல் வெறும் வயிற்றோடு வந்து படுக்க வேண்டும். முழங்கைக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து ரத்தக் குழாயின் விட்டத்தை அளப்பார்கள். முன்னங்கையில் பி.பி. பட்டையைக் கட்டி, காற்றடித்து, 5 நிமிஷம் ரத்தத்தை நிறுத்துவார்கள். கை மரத்துப் போகும். பட்டையைத் தளர்த்தியதும் வெம்பக்கோட்டை அணையைத் திறந்த மாதிரி ரத்தம் பாயும். ஒரு நிமிஷம் போல விட்டு மறுபடி அளவு. 4 மில்லிமீட்டர் குழாய் 4.3 ஆனால் விரிவு ஏழரை சதவீதம். ஏழரை என்றதும் சனீஸ்வரன் கோயிலுக்கு ஓடாதீர்கள். இங்கே அது நல்ல நம்பர்!

பிறகு நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுத்தும் அளப்பார்கள். அதற்கு விரிந்த குழாய் முதல் சோதனைக்கு விரியவில்லை என்றால், தசை மேல் தப்பில்லை. சண்டித்தனம் செய்வது பூச்சுதான்.

யாருக்கு விரியவில்லை? 1992-லேயே பதில் வந்துவிட்டது. வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்த சிகரெட்காரர்களுக்கு. 1996-ல் இன்னொரு குண்டு: தான் குடிக்காமல் அடுத்தவர் விட்ட புகையை வருஷக்கணக்கில் சுவாசித்த இளவட்டங்களுக்கும் அதே கதி. 2002-ல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அளந்து பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரிவு குறைவு.

உடனே லேபுக்குப் போய் 'எனக்கும் ஒண்ணு எடுங்க' என்று நிற்காதீர்கள். மயிரிழை வித்தியாசத்தை அளக்கிற சமாசாரம் இது. கருவி கொஞ்சம் நகர்ந்தால் கணக்கு மாறும். கும்பலைக் கும்பலோடு ஒப்பிடும் ஆராய்ச்சிக்குத்தான் சரிப்படும். உங்களுக்கும் எனக்கும் பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டாலே பெரிய காரியம்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி, பீடி கொண்டு போகக் கூடாது. கறாரான சட்டம், உயிர் விஷயம். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் வரிசையாக மூன்று பீடி! பக்கத்தில் ஓசிப் பேப்பர் படிக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு. மருந்து அறைக்குக் காட்டுகிற மரியாதையை நெஞ்சுக்கும் காட்டலாமே, அண்ணாச்சி! அங்கே வெடித்தால் ஊருக்கே கேட்கும். இங்கே வீட்டுக்குள்தான் கேட்கும், அழுகையாக.