பெட்டைக் குதிரைகளுக்குத் தனிப் பந்தயம் வேண்டுமா?

இங்கிலாந்து தேசத்துச் செல்டென்ஹாம் நகரில் வருஷந்தோறும் மார்ச்சு மாதத்தில் தடைதாண்டும் குதிரைப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் பெட்டைக் குதிரைகள் மட்டுமே ஓடுதற்குரிய பந்தயமொன்று 2008-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. தூரம் ஏறக்குறைய இரண்டரை மைல். இத்தகைய தனிப் பந்தயம் அவசியந்தானா என்பதே கேள்வி. பணம் வைத்தாடும் சூதினை யான் ஆதரிப்பவனல்லன். ஈண்டு ஆராயப் புகுவது குதிரைகளைப் பற்றியதே.

வேண்டாவென்பார் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பொதுப் பந்தயங்களிற் பெட்டைக் குதிரைக்கு 7 இராத்தல் பாரம் முன்னமே குறைக்கப்படுகின்றது. டான் ரன் என்னும் பெட்டை 1984-இல் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தையும், 1986-இல் தங்கக் கிண்ணத்தையும் ஆண் குதிரைகளை எதிர்த்தே வென்றது. எளிய வழியொன்று திறந்திருப்பின் சிறந்தவையும் கடிய வழியை நாடாவென்பது அவர்தம் வாதம். கெவேகா என்னும் குதிரை 2009 முதல் 2014 வரை ஆறாண்டும் இத்தனிப் பந்தயத்தையே வென்றமையை அதற்குச் சான்றாகக் காட்டுவர்.

ஆயினும் அவர் ஒன்றை மறந்தனர். தடைதாண்டும் ஆண் குதிரைகளுள் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. அவை எத்துணைப் புகழ் பெறினும் அவற்றின் ஆற்றல் அவற்றோடு முடிந்துவிடும். தடைதாண்டும் வன்மையைக் களத்தில் மெய்ப்பித்துப் பின்னர்த் தன் குட்டிக்கும் வழங்கவல்லது பெரும்பாலும் பெட்டையே. அதற்குத் தக்க பந்தயமில்லையேல், பொருள் செலவிட்டு அதனைப் பழக்குவார் யார்? பழக்கப்படாத குதிரையின் திறமையை அறிவதுதான் எங்ஙனம்?

இனி, தனிப் பந்தயத்திற் புகுந்தவை அங்கேயே தங்கிவிடும் என்னும் அச்சத்திற்கு அப்பந்தயத்தின் சரித்திரமே விடை கூறும். ஆனி பவர் 2015-இல் இப்பந்தயத்தில் முன்னணியில் வந்து கடைசித் தடையில் வீழ்ந்தது. மறுவருஷமே சாம்பியன் ஹர்டிலை வென்றது. ஹனிசக்கிள் 2020-இல் இதனை வென்று, 2021, 2022 ஆகிய ஈராண்டும் சாம்பியன் ஹர்டிலில் வாகை சூடி, 2023-இல் மீண்டும் இதனையே வென்று ஓய்வு பெற்றது. இந்நான்கு வெற்றிகளிலும் அதனைச் செலுத்தியவர் ரேச்சல் பிளாக்மோர் என்னும் பெண்மணி.

ஆகவே தனிப் பந்தயம் இருத்தல் வேண்டும். ஆனால் அதனை வென்ற குதிரையைப் பொதுக்களத்திற்கு அனுப்பும் துணிவு உடையவரிடத்தில் இருத்தல் வேண்டும். படியின்றி மாடி ஏறுவாரில்லை. படியிலேயே நின்றுவிடுவோர் மாடியைக் காண்பதுமில்லை.