தோண்டப்படாத வீதியும் தீராத நெரிசலும்

கொழும்பில் இலகு ரயில் ஓடவில்லை. அது ஓடாமற் போனதற்கு 2020 செப்டெம்பரில் உத்தியோகபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் பணம். மாலபேயிலிருந்து கோட்டை வரையிலான இத்திட்டம் மிகுந்த செலவு பிடிப்பது, கொழும்பின் போக்குவரத்துக்குப் பொருத்தமான தீர்வும் அன்று, ஆகவே உடனடியாகக் கைவிட்டுத் திட்ட அலுவலகத்தையும் மூடிவிடுக என்று ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அத்துடன் கதை முடிந்தது. ஆனால் அக்கடிதத்துக்கு முன்னரும் பின்னரும் இந்நகரின் கனவான்கள் மத்தியில் நான் அதிகம் கேட்டது பணத்தைப் பற்றிய வாதத்தையன்று. "நாலைந்து வருடத்துக்கு ரோட்டெல்லாம் கிண்டிப் போட்டால் கொழும்பு அப்படியே நின்றுவிடும், நல்ல காலம் நிறுத்தினார்கள்" என்பதே அவர்கள் சொன்னது. பணக் கணக்குக்குப் பதில் கூறப் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வாதத்தை எவரும் எதிர்த்துக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் பத்திரிகைத் தொழில் செய்து வருகிறேன். அதில் பெரும்பகுதி நாட்களில் பத்தரமுல்லையிலிருந்து 190ஆம் இலக்கப் பஸ்ஸில் புறக்கோட்டை நோக்கிப் பயணித்திருக்கிறேன். 177ஆம் இலக்கத்தில் கொள்ளுப்பிட்டிக்குப் போகிறவர்களும் இதே வீதியில், இதே நெரிசலில் நின்றுகொண்டே வருபவர்கள்தான். இலகு ரயில் வரவிருந்தது இவர்களுடைய தடத்தில்: மாலபே, பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை, கொம்பனித்தெரு, கோட்டை. ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். வீதியை விட்டு மேலே, தூண்களின் மீது.

இனி ஒரு கேள்வி. இராஜகிரிய மேம்பாலம் 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது கட்டி முடியும் வரையில் இதே தடத்தின் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. காலை ஏழு மணிக்கு ஏறியவன் எத்தனை மணிக்கு இறங்குவான் என்பது நடத்துனருக்கே தெரியாத காலம் அது. அப்போது எந்தக் கனவானாவது "கிண்டாதீர்கள், கொழும்பு நின்றுவிடும்" என்று கூறினாரா? களனி ஆற்றின் மேல் புதிய பாலம் கட்டப்பட்டது. அதுவும் ஜப்பானின் கடன்தான். பேலியகொடைப் பக்கமாக வந்துபோனவர்கள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டை எல்லோரும் அறிவர். 2021 நவம்பரில் அது திறக்கப்பட்டபோது விளக்கலங்காரம் செய்து கொண்டாடினோம். அங்கிருந்து துறைமுகத்தின் ஓரமாகக் காலிமுகத்திடல் வரை ஐந்து கிலோமீற்றருக்கு மேல் தூண்களின் மீது ஒரு நெடுஞ்சாலை என்றார்கள். அதற்கும் தூண் வேண்டும், குழி வேண்டும், வீதியை மறிக்க வேண்டும். எவரும் முகஞ்சுளிக்கவில்லை.

ஆக, காருக்காக வீதியைக் கிண்டினால் அது அபிவிருத்தி, பஸ்ஸில் தொங்கி வருபவனுக்காகக் கிண்டினால் அது இடையூறு. இதைத்தான் சொல்ல வந்தார்கள், ஆனால் இப்படிச் சொல்லக் கூச்சமாயிருந்திருக்கும்.

நான் கட்டுமானத்தின் துன்பத்தை மறுக்க வரவில்லை. அதை மறைத்த குற்றம் திட்டத்தை ஆதரித்தவர்களையே சாரும். மேல் மாகாணப் பெருநகரத் திட்டத்தின் வண்ணப் படங்களில் ரயில் வளைந்து வந்தது, கீழே மரங்கள் பச்சையாயிருந்தன, வீதியில் பத்துக் கார்களும் இல்லை. அந்தப் படம் உண்மையாவதற்கு முன்னர் பொரளைச் சந்தி எப்படியிருக்கும் என்பதற்குப் படமில்லை. தூண்களின் மேல் செல்லும் பாதை என்பதால் வீதி முழுவதும் மூடப்படாது என்று மட்டும் சொன்னார்கள். அது பாதி உண்மை. மேலே வைக்கப்படும் கொங்கிரீட் துண்டங்களை வேறிடத்தில் வார்த்து, இரவில் கொண்டுவந்து ஏற்றிவிடலாம்; அந்த வேலையால் பகல் நெரிசல் பெரிதாகக் கூடாது. பிரச்சினை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு தூணுக்கும் ஆழத் துளையிட வேண்டும். துளையிடுமுன் அவ்விடத்திலுள்ள குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் கண்டுபிடித்து நகர்த்த வேண்டும். நடு வீதியில் மறிப்பு எழுப்பினால் நான்கு நிரல் இரண்டாகும். கொழும்பின் மத்தியிலுள்ள கழிவுநீர்க் குழாய்களில் பல வெள்ளையர் காலத்தவை. அவை எங்கே எப்படித் திரும்புகின்றன என்பதைக் குழி வெட்டிய பின்னரே அறியும் நகரம் இது. மாநகர சபையோ நீர்வழங்கல் சபையோ ஒரு குழாய் வெடிப்பைத் திருத்த வந்து, மூன்று நாள் மூன்று இடத்தில் வெட்டிப் பார்ப்பதை வாசகர்களும் கண்டிருப்பார்கள்.

எடின்பரோவைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். காட்டட்டும், நானும் அதையே காட்டுகிறேன். அந்நகரின் பிரதான கடைவீதியான பிரின்சஸ் வீதி ட்ராம் பாதைக்காக 2009இல் மாதக்கணக்கில் மூடப்பட்டது. போட்ட பாதை பழுதென்று 2011இல் மீண்டும் மூடப்பட்டது. ஒப்பந்தக்காரரும் நகர சபையின் கம்பனியும் வழக்காடினர். இறுதியில் 2014 மே 31ஆம் திகதி ட்ராம் ஓடியபோது செலவு 77 கோடி 60 இலட்சம் பவுண். முதலில் திட்டமிட்ட பாதையின் ஒரு பகுதியே முடிந்திருந்தது. என்ன நடந்ததென்று ஆராய நியமிக்கப்பட்ட விசாரணையின் அறிக்கை வெளிவர 2023 ஆயிற்று. அங்கும் முதல் இடறல் நிலத்தடிக் குழாய்கள்தாம். ஆனால் நம்மவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இத்தனை அவமானத்துக்குப் பிறகும் எடின்பரோ நகரசபை தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை. விடுபட்ட பகுதியை நியூஹேவன் வரை நீட்டி, 2023இல் திறந்தது. கிண்டல் கசப்பானது என்பதை அந்நகரத்தார் நம்மைவிட நன்கறிவார்கள்.

சிட்னியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர் பலர் அங்கே வாழ்கிறார்கள், ஜோர்ஜ் வீதி அவர்களுக்குத் தெரியும். 2015 ஒக்டோபரில் அங்கே வீதியை மூடத் தொடங்கினார்கள், 2019 டிசெம்பரில் ரயில் ஓடியது. 160 கோடி அவுஸ்திரேலிய டொலர் என்று தொடங்கிய செலவு 290 கோடிக்கும் மேலே போயிற்று. இடையில் கடைக்காரர்கள் அழிந்தோம் என்று கூக்குரலிட்டனர், கூட்டாக வழக்கும் தொடுத்தனர். அரசாங்கம் சிறு கடைகளுக்கு வாடகை உதவி கொடுத்தது. போதவில்லை என்று வணிகர் சொன்னார்கள், அது வேறு விடயம். நட்டமடைபவன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதாவது அங்கே கணக்கில் வந்தது.

இங்கே? 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் காணி எடுக்கப்பட்டவனையே காண்கிறது. காணி எடுக்கப்படாமல், முன்னால் தகரம் அடைத்து வாடிக்கையாளரை இழந்தவன் அதன் கண்ணுக்குப் படமாட்டான். புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் கடை வைத்திருப்பவருக்காவது வங்கி இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது. தள்ளுவண்டியில் மூட்டை இழுக்கும் நாட்டாமைக்கு லொறி வந்தால்தான் அன்றைய கூலி. நிலையத்தின் முன் நடைபாதையில் துணி விரித்து விற்பவனுக்கு, பஸ் தரிப்பிடத்தை இருநூறு யார் தள்ளி மாற்றினாலே அன்று அடுப்பெரியாது. கொழும்பு நின்றுவிடும் என்று கவலைப்பட்ட கனவான்களில் ஒருவர்கூட இவர்களைப் பற்றிக் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. அவர்களுடைய கவலை கறுவாத்தோட்டத்திலிருந்து கோட்டைக்குப் போகப் பத்து நிமிடம் கூடுமே என்பதுதான்.

கிண்டாமல் தீர்வு காணலாம் என்றும் ஒரு கட்சியுண்டு. அதையும் பார்த்தோம். திட்டம் நிறுத்தப்பட்ட அதே 2020 செப்டெம்பரில், நகருக்குள் வரும் பிரதான வீதிகளில் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் இடப்பக்க நிரலிலேயே செல்ல வேண்டும் என்று பொலிசார் கட்டுப்படுத்தினார்கள். சில நாட்கள் பெரும் அமளி. பின்னர் விதியில் தளர்வு, பின்னர் மறதி. பஸ்ஸுக்குத் தனி நிரல் என்பது நல்ல யோசனை, அதை நான் எதிர்ப்பவனல்லன். ஆனால் இருக்கும் நிரலில் ஒன்றைக் காரிடமிருந்து பறித்தால்தான் அது பஸ்ஸுக்குக் கிடைக்கும். பறிக்கும் துணிவு இதுவரை எந்த அரசாங்கத்துக்கும் வந்ததில்லை.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1899இலிருந்து கொழும்பில் ட்ராம் ஓடியது. கோட்டையிலிருந்து பொரளைக்கு ஒன்று, கிராண்ட்பாஸுக்கு ஒன்று. 1929இல் குணசிங்கவின் தலைமையில் அதன் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு மைல்கல். 1960 ஜூன் 30ஆம் திகதியுடன் ட்ராம் ஓய்ந்தது. நமது பாட்டன்மார் தண்டவாளத்தில் போய்வந்த பொரளைக்கு நாம் இன்று பெற்றோல் புகையில் ஊர்ந்து போகிறோம்.

பணத்தைப் பற்றி ஒரு பந்தி மட்டும். 2019 மார்ச்சில் ஜெய்க்காவுடன் கைச்சாத்திட்ட முதற் கட்டக் கடன் 3,004 கோடி யென். வட்டி நூற்றுக்கு 0.1, திருப்பிச் செலுத்த 40 ஆண்டு, அதில் முதல் 12 ஆண்டு சலுகைக் காலம். 2022இல் ரூபா சரிந்தபோது யென் கடனின் சுமையும் ரூபாயில் ஏறியிருக்கும் என்பார்கள். உண்மை. இன்னும் வலுவான வாதம் ஒன்றுண்டு: அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியதும் ஜப்பான் பணம் விடுவிப்பதை நிறுத்தியது. இலகு ரயிலைத் தொடங்கியிருந்தால் பொரளையில் பாதித் தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றிருக்கும், மறிப்புகளும் எடுக்கப்பட்டிருக்கமாட்டா. இந்த வாதத்துக்கு முன் நான் சற்று நின்றே பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கமும் ஜப்பானியக் கடனில் தொடங்கிப் பாதியில் நின்றது. 2024 ஜூலையில் ஜப்பான் மீண்டும் தொடர இணங்கிய திட்டங்களில் அது இருந்தது. பாதியில் நின்றது மீண்டும் எழலாம். கடிதம் எழுதிக் கொன்றது அந்தப் பட்டியலில் இல்லை. இடையில் 2023 மே மாதம் ரணில் விக்கிரமசிங்க டோக்கியோ சென்று, நிறுத்தியதற்காக வருத்தம் தெரிவித்தும் வந்தார்.

இனி எப்போதாவது, எந்த நாட்டுப் பணத்திலாவது, இத்தடத்தில் ரயில் என்ற பேச்சு மீண்டும் எழலாம். எழுந்தால் வண்ணப் படம் வேண்டாம். முதலில் பொரளையிலிருந்து கோட்டை வரை நிலத்தடியில் என்ன இருக்கிறது என்ற வரைபடத்தை வெளியிடட்டும். எந்தச் சந்தி எத்தனை மாதம் பாதியாகும், அக்காலத்தில் 190உம் 177உம் எவ்வழியாகத் திருப்பப்படும் என்று மூன்று மொழியிலும் ஒட்டட்டும். பாதையோரத்தில் கடை வைத்திருப்பவர், நடைபாதையில் விற்பவர், கூலிக்கு மூட்டை சுமப்பவர் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்களுக்கு மாதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். இந்த எண்ணிக்கைக்கு ஜப்பானின் கடன் தேவையில்லை. மாநகர சபையின் உத்தியோகத்தர் சிலரும் ஆறு மாத அவகாசமும் போதும், அதை இன்றே தொடங்கலாம்.