டாய்லெட் மாட்டுற கூலி எந்தக் கணக்குல வரும்?

பி.காம். படிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கும். இயந்திரத்தை நிறுவக் கொடுத்த கூலியை, கூலிக் கணக்கில் பற்று வைத்துவிட்டார்கள், திருத்துக. விடை ரொம்ப ஈஸி. அது இயந்திரக் கணக்கில் போகணும். நிறுவுற செலவும் அந்தப் பொருளோட அடக்க விலைதான்.

பரீட்சையில இதுக்கு முழு மார்க் வாங்கினேன். வீட்ல கோட்டை விட்டேன் :-(

அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. இந்தியன் டாய்லெட்ல உட்கார்ந்தா எந்திரிக்க முடியலை. சரின்னு 9,500 ரூபாய்க்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கினோம். மாட்டுறதுக்கு பிளம்பர் 3,500 கேட்டார். "ஒரு நாள் வேலைக்கு இவ்வளவா?"ன்னு அப்பா கேட்க, நானும் ஜால்ரா போட்டேன். பக்கத்துத் தெருவுல டைல்ஸ் ஒட்டிக்கிட்டிருந்த கொத்தனார் 1,500க்கு முடிச்சுக் கொடுத்தார். 2,000 ரூபாய் மிச்சம்!

ஒரே வாரத்துல நாத்தம். அடியில கசிவு. உட்கார்ந்தா லேசா ஆட்டம் வேற. அப்பத்தா பயந்துபோய் தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிட்டாங்க. அதுவும் மதுரை மே மாசத்துல.

மறுபடியும் அதே பிளம்பரையே கூப்பிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வாங்குறதுக்கு முன்னாடி செவுத்துலேருந்து ஓட்டை வரைக்கும் அளந்தீங்களா தம்பி?" அளக்கலை. ஓட்டை இருந்தது 9 இஞ்சுல. நாங்க வாங்கினது 12 இஞ்சுக்கானது. கொத்தனார் ஒரு வளைவு பைப்பைச் சொருகி, சுத்தி சிமெண்ட்டைப் பூசி, ஸ்குரூ போடாமலே உட்கார வச்சிட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அது அவர் தொழில் இல்லை.

டாய்லெட்ங்கிறது கொண்டுவந்து போடுற நாற்காலி இல்லைங்க. உள்ளே வளைஞ்ச பாதையில ரெண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணி நிக்கும். அதுதான் செப்டிக் டேங்க் வாயுவைத் தடுக்குற கதவு. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கின வளைவு அது. கீழே இணைப்பு விட்டுப்போனா வாயு பக்கவாட்டுல வந்துடும், கதவு இருந்தும் பிரயோஜனம் இல்லை. இங்கே பக்கத்துல கீழடியில, 2019 அகழாய்வுல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருத்தின சுடுமண் குழாய்கள் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இணைப்பைச் சரியாப் பொருத்தத் தெரிஞ்ச ஆளுங்க இருந்த ஊர்ப்பக்கம் இது!

சிமெண்ட்டைப் பெயர்க்கும்போது பீங்கான் விரிஞ்சு போச்சு. புதுசு இன்னொரு 9,500. பிளம்பருக்கு, உடைச்சு மாத்தின வேலையும் சேர்த்து 5,500. மொத்தம் 26,000. முதல்லயே அவரைக் கூப்பிட்டிருந்தா 13,000. அப்படியே டபுள்.

"எல்லா பிளம்பரும் ஒழுங்கா?"ன்னு கேப்பீங்க. இல்லைதான். ஐ.டி.ஐ.யில ஒரு வருஷம் படிச்சு வந்தவரும் உண்டு, ஸ்பேனரை மட்டும் வச்சிருக்கிறவரும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே டேப்பை எடுத்து அளக்குறாரா? கழிவு எங்கே போகுதுன்னு கேக்குறாரா? கிளம்புறதுக்கு முன்னாடி நாலு தடவை ஃப்ளஷ் பண்ணிக் கசிவு பாக்குறாரா? அவர்தான் ஆள். கேட்ட காசைக் கொடுங்க. பேரம் பேசியே ஆகணும்னா பீங்கான் விக்கிற கடைக்காரர்கிட்ட பேசுங்க.

கொசுறு: அப்பத்தா இப்போ நல்லா தண்ணி குடிக்கிறாங்க :-)